எட்டடி விரியனும் என் இடது கால் பெருவிரலும்

என் செத்தவீட்டுக்குப் பந்தல்காரனிடம் சொல்லியாகிவிட்டது என்பதை என் காதாலேயே கேட்டவன் நான். அரியாலையில் இந்தப் பெருமை வேறு ஒருவருக்கும் கிடையாது.

பாம்பு கடித்ததே எனக்குத் தெரியாது, பிறகு ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்ததுதான். வெக்கை தாங்காமல் நிலத்தில் பாயைப் போட்டுப் படுத்தவன், விடிய வயிற்று நோவோடு எழும்பினேன். முதல் நாள் தின்ற கொத்துரொட்டியின் வேலை என்றுதான் நினைத்தேன். எட்டடி விரியன், அதாவது கட்டுவிரியன், கடித்தால் வீங்காது, பெரிதாக நோகாது, காயம்கூடச் சரியாகத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் இமை இரண்டும் தானாகக் கீழே விழுந்தன.

"விடியக் காலத்தாலை கூத்துக் காட்டாதை. எழும்பி முகத்தைக் கழுவு," என்றார் அம்மா.

அவரில் பிழையில்லை. இருபத்துமூன்று வருடங்களாக நான் அந்த வீட்டில் கூத்துத்தான் காட்டியிருக்கிறேன். குடித்த தண்ணீர் மூக்கால் வந்தபோதுதான் அண்ணை என்னைத் தூக்கி ஓட்டோவில் போட்டார். ஆஸ்பத்திரி வாசலில் மூச்சு நின்றுவிட்டதாம்.

பிறகு கண் விழித்தேன் என்று எழுத முடியாது. கண் திறக்கவேயில்லை, விழிப்பு மட்டும் வந்தது. வாய்க்குள் குழாய். பக்கத்தில் மூச்சு மெஷின். அது காற்றைத் தள்ளினால் நெஞ்சு எழும்பும், விட்டால் இறங்கும். ஒரு விரலைக்கூட அசைக்க முடியவில்லை. காது மட்டும் குறையில்லாமல் வேலை செய்தது. ஓஎல் சோதனை வரைக்கும் என்னை வாயை மூடச் சொல்லிக் களைத்த வாத்திமார் அன்றைக்கு வந்து பார்த்திருக்க வேண்டும்.

நித்திரை மருந்து ஏற்றி வைத்திருந்தால் எனக்கு எதுவும் தெரிந்திராது. முந்தி அங்கே அப்படித்தான் நடந்ததாம். அந்த ஐசியூவுக்குப் புதிதாக வந்த பெரிய டொக்டரம்மா அதை மாற்றிவிட்டார். காலையில் நித்திரை மருந்தை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பது அவர் சட்டம். ஆளைத் தொடுவதற்கு முதல், என்ன செய்யப்போகிறோம் என்று அவருக்குச் சொல்ல வேண்டும், மறுமொழி வராவிட்டாலும் சொல்ல வேண்டும். நர்ஸ் மிஸிமார் இரண்டு பேர் என் தலைமாட்டில் நின்று அவரைக் குறை சொன்னபடியால் இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது.

"நித்திரையிலை விட்டால் பேசாமல் கிடக்குங்கள். இவ ஒவ்வொண்டாய் எழுப்பி வைச்சிட்டுப் போறா," என்றார் ஒரு மிஸி.

"மெல்லக் கதையுமப்பா," என்றார் மற்றவர். பிறகு என் காதடியில் குனிந்து, "தம்பி, சளி எடுக்கப்போறன், என்ன? சொல்லிப்போட்டன். பிறகு என்னாலை பேச்சு வாங்கேலாது."

சளி எடுப்பது என்றால் குழாய்க்குள் இன்னொரு குழாயை விட்டு உறிஞ்சுவது. நெஞ்சுக்குள் இருப்பதை எல்லாம் வேரோடு பிடுங்குவது போலிருக்கும். சொல்லிவிட்டுச் செய்தால் பல்லைக் கடித்துக்கொள்ளலாம், மனதுக்குள்தான்.

மூன்றாம் நாள் பெரிய டொக்டர் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். இளம் டொக்டர் ஒருவர் வந்து என் இமைகளைத் தூக்கி டோர்ச் அடித்தார். எனக்கு மஞ்சளாக ஒரு வெளிச்சம் தெரிந்தது.

"கண்மணி விரிஞ்சுபோய்க் கிடக்குது. வெளிச்சத்துக்கு அசையேல்லை," என்று அவர் அண்ணையிடம் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். பார்வையாளர் நேரம் வருவதற்குள் பெரியப்பா அதற்கு விளக்கம் கண்டுபிடித்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் கலியாணம், செத்தவீடு இரண்டையும் முன்னின்று நடத்துகிறவர் அவர்.

"மூளை செத்துப்போச்சடா," என்றார் அண்ணையிடம், என் கால்மாட்டில் நின்று. "இஞ்சை உயிர் போனால் பாம்புக் கேஸ் எண்டு மரண விசாரணை வைப்பாங்கள், வெட்டிப் பாப்பாங்கள். வெட்டித் தைச்ச உடம்பைத் தாயிட்டைக் குடுக்கப்போறியே? மூச்சுக் கிடக்கேக்கையே வீட்டை கொண்டுபோவம். வான் வெளியிலை நிக்குது. பந்தல்காரனுக்கும் சொல்லிப்போட்டன்."

சொந்த வீட்டில் உயிர் பிரிய வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெரியப்பா பாசத்தில்தான் சொன்னார். அதுதான் பயம். எதிரி என்றால் யாராவது தடுப்பார்கள்.

"இன்னும் ரெண்டு நாள் பாப்பம், பெரியப்பா."

"என்னத்தைப் பாக்கிறது? கண் செத்துப்போச்சு எண்டு டொக்டரே சொல்லிப்போட்டார்."

அந்த மெஷினைக் கழற்றினால் நான் அரியாலைச் சந்திவரைகூடத் தாங்கமாட்டேன். கத்தினேன். சத்தம் வரவில்லை. கையை உதறினேன். கை கிடந்த இடத்திலேயே கிடந்தது. இதயத் துடிப்பைக் காட்டும் மெஷின் மட்டும் என் பக்கம் நின்று கீக் கீக் என்று அவசரப்பட்டது.

"பார், இழுக்கத் தொடங்கிட்டுது," என்றார் பெரியப்பா.

"எங்கை கையெழுத்து வைக்கிறது, மிஸி?" என்றார் அண்ணை. குரல் உடைந்திருந்தது.

அங்கே நின்றது பெரிய டொக்டரைக் குறை சொன்ன அதே மிஸி. "அவ வராமல் நான் கடதாசி தரமாட்டன். ஐயா கத்தினாலும் தரமாட்டன்," என்று சொல்லிவிட்டு அவருக்கு ஃபோன் எடுக்கப் போனார்.

அரை மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும். பெரியப்பா இரண்டுதரம் வான்காரனோடு கதைத்துவிட்டு வந்தார். பிறகு செருப்புச் சத்தம் வேகமாக வந்து என் பக்கத்தில் நின்றது.

"தம்பி, நான் டொக்டர். உங்கடை நெத்தியிலை கை வைக்கப்போறன்," என்றார் பெரிய டொக்டர். பிறகு மற்றவர்களிடம், "எட்டடி விரியன்ரை விசம் கண்மணியையும் கட்டிப்போடும். அதை வைச்சு மூளை செத்ததெண்டு சொல்லேலாது. விசம் விட நாள் எடுக்கும். எங்கையாவது ஒரு தசை மிஞ்சிக் கிடக்கும். அதைத் தேடவேணும்."

தேடினார். நெற்றியைச் சுருக்கச் சொன்னார். இல்லை. வலது கை விரல்கள் ஒவ்வொன்றாக. இல்லை. இடது கை. இல்லை. நான் உயிரைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். வலது காலும் முடிந்தது.

"இடது கால் பெருவிரலைப் பிடிச்சிருக்கிறன். அசையுங்கோ."

அசைத்தேன்.

பெரியப்பாதான் முதலில் வாய் திறந்தார்.

"கோழியை அறுத்தாப் பிறகும் கால் துடிக்கும், டொக்டர்."

"அப்ப கோழியிட்டை ஒரு கேள்வி கேட்டுப் பாப்பம், ஐயா." அண்ணையின் கையை எடுத்து என் விரலில் வைத்தார். "எனக்குத் தெரியாத விசயமாக் கேளுங்கோ. ஒருக்கா அசைச்சால் ஓம், ரெண்டுதரம் எண்டால் இல்லை."

என்ன கேட்பது என்று தெரியாமல் அண்ணை தொண்டையைச் செருமினார்.

"டேய். போன வருசம் என்ரை மோட்டச்சைக்கிளைக் கொண்டுபோய் விழுத்திப்போட்டு, நாய் குறுக்கை வந்ததெண்டு சொன்னனி. நாய் வந்ததோ?"

நாய் வரவில்லை. ஒரு கையால் மோட்டச்சைக்கிளை ஓட்டிக்கொண்டே மற்றக் கையால் தண்ணிப்போத்தலைத் திறந்தேன். ஆனால் ஒரு வருடமாகக் காப்பாற்றிய கதையைப் பாம்புக் கடிக்காக விடலாமா?

விரலை ஒருக்கா அசைத்தேன். பிறகு ஆடாமல் வைத்துக்கொண்டேன்.

"டொக்டர்," என்றார் அண்ணை, "இவன் பொய் சொல்லுறான். நாய் வரேல்லை. முன்கடைக் கமராவிலை நான் அண்டைக்கே பாத்திட்டன்." அவருக்கு அழுகையா சிரிப்பா என்று கண்ணை மூடிக்கிடந்த எனக்குத் தெரியவில்லை. "ஆள் உள்ளுக்கைதான் கிடக்கிறான். பெரியப்பா, வானை அனுப்புங்கோ."

பெரியப்பா போகிற சத்தம் கேட்டது. பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று யாரோ சொல்ல, "அவர் நிக்கட்டும். கதைக்கிறதுக்கு ஆள் வேணும்," என்றார் பெரிய டொக்டர். அண்ணை என் விரலை விடாமல் அடுத்த கேள்வியைத் தொடங்கினார்.