சவுண்டு பார்க்கிற கேசட்

திண்டிவனத்தில் மைக் செட் பெரியநாயகத்தைத் தெரியாதவர் கிடையாது. கல்யாணம், காதுகுத்து, சாவு, கட்சிக் கூட்டம், எதுவானாலும் அனந்தபுரம் வரைக்கும் அவர் கட்டின குழாய்தான் அலறும். ஊரையே அலறவைத்த மனுஷன் வீட்டில் வாயைத் திறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

மகன் அடைக்கலராஜ் மஞ்சள் காமாலையில் போனது எண்பத்துநாலு ஆடியில். விழுப்புரத்தில் ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்த ஒரே பிள்ளை. இழவுக்கு வந்த சனம் எல்லாம் அழுதது, பெற்றவர் அழவில்லை. அதற்குப் பிறகு போட்டதைத் தின்றார், உப்பில்லாவிட்டாலும் தின்றார். பிள்ளை பேரைச் சொல்லவில்லை. கல்லறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

"கல்லுகூட வெயில் பட்டா சுடும். இந்த மனுஷனுக்கு இன்னா ஆச்சு, மாதாவே?" என்று மனைவி அமல்ராணி படத்துக்கு முன்னால் முட்டிபோட்டாள். பிள்ளையைப் புதைத்த குழியிலேயே புருஷனும் இறங்கிவிட்டானோ என்பதுதான் அவள் பயம்.

அடைக்கலம் விட்டுப்போனதில் ஒரு கேசட் இருந்தது. விழுப்புரத்தில் கிதார் வாசிக்கிற சிநேகிதனிடம் இரவல் வாங்கி, வீட்டில் இரண்டு டேப் ரெக்கார்டரை எதிரும் புதிருமாக வைத்துப் பதிவு பண்ணியது. வெள்ளைக்காரப் பையன்கள் டிரம்ஸும் கிதாருமாக யேசுவைப் பாடுகிற ராக் பாட்டு. குழாய் கட்டியதும் சவுண்டு பார்க்க அதைவிட்டால் வேறு கிடையாது. அந்த டிரம்ஸ் கிழியாமல் வந்தால் எந்தப் பாட்டும் கிழியாது. பெரியநாயகம் போடுவார், நாலு அடி கேட்பார், நிறுத்திவிடுவார். பிள்ளையின் கேசட் என்று தெரியும். தெரிந்து என்ன, நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை.

மறுவருஷம் கல்லறைத் திருநாள் வந்தது.

"ஏங்க, இந்த வாட்டியாவது புள்ளைக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்துங்க."

"செட்டை யார் பாத்துக்குவா?"

கல்லறைத் தோட்டத்துக்கும் செட் அவருடையதுதான். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்றுவிட்டால் பிள்ளையிடம் போகவேண்டாம் பாருங்கள்! என்ன சாமர்த்தியம்!

சாயங்காலம் சுண்ணாம்பு அடித்த கல்லறைகளில் சாமந்தி குவிந்திருந்தது. சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். பாதியில் துக்கப் பாட்டுக் கேசட் சிக்கி, நாடா குடலாக வெளியே வந்தது.

"இன்னாய்யா பேஜாரு! ஜல்தியா வேற போடு!" என்று சாமியாருக்குத் துணையாக வந்த கோயில் உபதேசியார் கத்தினார்.

பெரியநாயகத்தின் கை பழக்கதோஷத்தில் சவுண்டு பார்க்கிற கேசட்டைப் போட்டது. டிரம்ஸ் இடித்ததில் சனத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"நிறுத்துய்யா! செத்தவங்க எழுந்து வந்துடப்போறாங்க!" என்று உபதேசியார் மறுபடி கத்தினார்.

பெரியநாயகத்தின் கை பொத்தானுக்குப் போவதற்குள் அமல்ராணி ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். "நிறுத்தாதீங்க. நம்ம புள்ளைது. ஒரு வாட்டி முழுசா ஓடட்டும்."

முதல் பாட்டு முடிந்தது. அடுத்ததற்கு முன்னால் குழாயில் பெரியநாயகத்தின் குரலே கேட்டது. "டேய், இன்னாடா இது, தகரத்தைத் தட்டிக்கினு கத்துறானுங்க?"

"பேசாதப்பா, ரெக்கார்டிங் நடந்துக்கினு இருக்குது." அடைக்கலத்தின் குரல். கூடவே அவன் சிரிப்பு. "யேசு சாமி கல்லறையை விட்டு எழுந்து வந்துட்டாருன்னு சந்தோஷத்துல கத்துறாங்கப்பா. செத்தவரு எழுந்து வந்தா மெதுவாவா சொல்லுவாங்க?"

அடுத்த பாட்டு இடித்தது. கூடவே பையனும் பாடினான்.

ஈஸ்டர் என்கிற பாஸ்குத் திருநாள்தோறும் இதே சேதிக்குக் குழாய் கட்டினவர்தான் பெரியநாயகம். சவுண்டு சரியா என்று மட்டும் கேட்ட காது அது. இன்றைக்குத்தான் நாலு அடிக்கு மேல் கேட்டார். இங்கிலீஷ் ஒரு வரி புரியவில்லை. ஆனால் அந்தக் கத்தல் எதற்கென்று தெரிந்துவிட்டது. அந்தக் கத்தலுக்குள் தன் பிள்ளையும் இருந்தான்.

செட்டை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளையின் கல்லறைக்கு நடந்தார். அமல்ராணி மெழுகுவத்தியைக் கொளுத்திக் கொடுத்தாள். மெழுகு உருகிப் புறங்கையில் வழிந்தது. பின்னால் குழாய் அலறிக்கொண்டே இருந்தது. யாரும் நிறுத்தப் போகவில்லை.

"அடைக்கலம்," என்றார் பெரியநாயகம். "சுடுதுடா."