தொடர்நாடகம் பார்க்க வந்த இன்ஸ்பெக்டர்

சண்டைக் காலத்தில் எங்கள் கொழும்பு வெள்ளவத்தை வீட்டுக்குக் கொஞ்ச நிம்மதி தந்தது, ஞாயிறு பின்னேரங்களில் டிவியில் போன ஓர் ஆங்கிலத் தொடர்நாடகம்தான். நூறு வருஷத்துக்கு முற்பட்ட நாவலாம். குதிரைவண்டி, மெழுகுதிரி, பெரிய பெரிய பாவாடைகள். எனக்கு ஒரு சொல் விளங்காது. ஆனாலும் மாமாவுக்குப் பக்கத்தில் இருந்து பார்ப்பது தனிக் குஷி. அம்மாவின் தம்பியான அவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தார். அப்படி வந்து தங்கும் தமிழரைப் பொலிஸில் பதிய வேண்டும். பதியப்போன இடத்தில் பிடித்து வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் அப்பா நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிறு, நாடகம் பாதியில் போகும்போது கதவு தட்டப்பட்டது. இன்ஸ்பெக்டர் ஒருவர், பின்னால் துவக்குடன் இரண்டு பேர். என் தோளைப் பிடித்த அம்மாவின் நகம் தோலில் இறங்கியது. மாமா கதிரையை விட்டு அசையவில்லை.

அப்பா, பாவம், வாயில் வந்ததைப் பிடித்துக்கொண்டார். ஆங்கிலத்தில் நாடகத்தைப் புகழத் தொடங்கினார்; என்ன சொன்னார் என்பது பிறகு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். புத்தகம் பத்துப் பக்கத்தில் சொல்வதை அந்த நடிகை ஒரு பார்வையில் சொல்லிவிடுகிறாள் என்றார். மழைகூட அல்லவா நடிக்கிறது என்றார். அம்மாவின் கறியை ஒருநாளும் புகழாத மனுஷர்! குரல் நடுங்க நடுங்க, மூச்சு விடாமல் புகழ்ந்தார்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். தானும் வாரம் தவறாமல் பார்ப்பவராம். இருந்து முடியும்வரை பார்த்துவிட்டு, அடுத்த கிழமையும் வருவேன் என்று மாமாவிடம் சிரித்தபடி போனார்.

சிரிப்பா, மிரட்டலா? வீடு முழுக்கக் குசுகுசுப்பு.

"அத்தான், நான் இஞ்ச நிண்டா உங்களுக்கும் கரைச்சல்," என்றார் மாமா. புதன்கிழமை, கொழும்புக்கு வெளியே ஹெந்தளையில் தெரிந்தவர் வீட்டுக்குப் போய்விட்டார். கதையின் முடிவு பார்க்காமல் போகிறாரே என்று நான் அழுதேன்.

இன்ஸ்பெக்டர் சொன்னபடியே வந்தார், இம்முறை தனியாக. அன்றைக்கு இருந்தவர் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். ஊருக்குத் திரும்பிவிட்டார் என்றார் அப்பா. எனக்குப் பொறுக்கவில்லை. தெருவில் பழகிய சிங்களத்தில், மாமா ஹெந்தளையில் இருக்கிறார், அங்கேயும் டிவி இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன்.

அப்பாவின் கையிலிருந்த தேத்தண்ணி சாரத்தில் ஊற்றுப்பட்டது. இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பவில்லை. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார். முடிந்ததும், அருமையான நாடகம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

கதவு சாத்தியதும் அம்மா என் கன்னத்தில் விட்டார் ஓர் அறை.

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கேலாதே உனக்கு!"

பிறகு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். நாடகம் போகும்போது கதைத்ததற்குத்தான் அந்த அடி என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.