பட்டன் அதிகாரியும் ஆறெழுத்துப் பெண்ணும்

நாற்பது வருடம் ஒரு பெண்ணின் பெயரால் அந்த வீட்டில் நிம்மதி இல்லை. அவளை அந்த வீட்டுக்காரர் பார்த்ததே கிடையாது என்று சொன்னால் நீங்களும்தான் நம்பமாட்டீர்கள்.

யுத்தத்துக்கு முன்னால் அவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். பக்கம் பக்கமாகப் படித்தாலும் தலைகீழாக நிற்கும் ஒற்றை எழுத்து அவர் கண்ணில் முள்ளாகக் குத்தும். கடற்படையில் யாருக்கோ இது தெரிந்துவிட்டது. கூப்பிட்டார்கள், சீருடை கொடுத்தார்கள், ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பார்க்கும் வேலையைப் பற்றிப் பெண்டாட்டியிடம் வாய் திறந்தாலும் சிறை என்று அதில் எழுதியிருந்தது. வீட்டில் கேட்டால் துணிக் கிடங்கு அதிகாரி என்று சொல்லிக்கொள்ள வேண்டும்.

அவர் மனைவியின் அண்ணன் நிஜமான போர்க்கப்பலில் நிஜமான பீரங்கி சுட்டவர். இடது கையில் இரண்டு விரல் இல்லாதவர். அவருக்கு இது அல்வா மாதிரி கிடைத்தது. மாலுமிகளின் சட்டைக்குப் பட்டன் எண்ணிப் போடுகிற வேலையா என்று கேட்டு, அன்றே ‘பட்டன்’ என்று பெயர் வைத்துவிட்டார்.

உண்மையில் ‘பட்டன்’ வேலை பார்த்தது ஜன்னலுக்குக் கறுப்புச் சாயம் அடித்த ஓர் அறையில். எதிரியின் கப்பல்கள் வானொலியில் அனுப்பும் சங்கேதச் செய்திகள் அங்கே கட்டுக்கட்டாக வந்து விழும். அவற்றை எழுதியது சக்கரங்கள் வைத்த ஒரு தட்டச்சு இயந்திரம். ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதை இயக்குபவன் மனம்போன போக்கில் ஆறு எழுத்தைத் தேர்ந்து சக்கரங்களைத் திருப்பிவைக்க வேண்டும். அந்த ஆறு எழுத்துதான் பூட்டின் சாவி. ஒருமுறை போட்டதை மறுமுறை போடக்கூடாது என்பது அவர்கள் படையின் கண்டிப்பான சட்டம்.

அதை ஒருவன் மதிக்கவில்லை. ஒரு பெரிய எண்ணெய்க் கப்பலின் வானொலிக்காரன். தினமும் காலை ஏழு மணிக்கு வருவான். தினமும் அதே ஆறு எழுத்தைப் போடுவான். மற்றவர்கள் வேறெங்கோ முட்டி மோதிக்கொண்டிருந்தபோது, நம் பிழை திருத்துபவர் அது ஒரு பெண்ணின் பெயர் என்று கண்டுபிடித்தார். இது சோம்பேறித்தனம் இல்லை, காதல் என்று பெரிய அதிகாரியிடம் சொன்னார். அவன் செய்தி உடைந்தால், அன்றைக்கு எதிரியின் எல்லாக் கப்பல்களுக்கும் பொதுவான சக்கர அமைப்பு தெரிந்துவிடும்; அந்தக் காதல் அன்றைய கடல் முழுவதையும் திறந்துவிட்டது. அறையில் அவனுக்கு மன்மதன் என்று பெயரானது. அவனுக்கு ஜலதோஷம் பிடிக்கக்கூடாது, வேறு கப்பலுக்கு மாற்றல் வரக்கூடாது, முக்கியமாக அவளோடு சண்டை வந்துவிடக்கூடாது என்று பதினாறு பேர் தினமும் வேண்டிக்கொண்டார்கள். எதிரிக்காக இவ்வளவு உருகிய படைப்பிரிவு வேறு இருந்திருக்காது.

ஒரு வாரம் மன்மதன் வரவில்லை. கடல் இருண்டுவிட்டது. ஐந்து நாள் பச்சைத் தண்ணீர் இறங்காமல் உட்கார்ந்திருந்தவரை இரண்டு நாள் விடுப்பில் வீட்டுக்குத் துரத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்ட மயக்கத்தில் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தார். எதிரே எட்டு மாதக் கர்ப்பிணியான மனைவி, குழந்தைக்குக் கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருந்தாள்.

தூக்கத்தில் அவர் அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார். தெளிவாக, உருக்கமாக, இரண்டு தடவை. பிறகு, “ஏன் இன்னும் வரலை?” என்றார்.

ஊசி நின்றது. அவர் கண் விழித்தபோது மனைவி எதிரில் நின்றிருந்தாள்.

“யாரு அவ?”

வாயைத் திறந்தார். கையெழுத்துப் போட்ட காகிதம் கண்முன் வந்து நின்றது. “அது... கிடங்கு சமாச்சாரம்,” என்றார்.

“ஏங்க, பட்டனுக்கெல்லாம் பேர் வெச்சிருக்கீங்களா?”

எதிரியின் ரகசியத்தை எல்லாம் உடைத்தவருக்குச் சொந்த வீட்டில் ஒரு பொய்யை ஒழுங்காகக் கட்டத் தெரியவில்லை. பெண் குழந்தை பிறந்தது. என்ன பெயர் வைக்கலாம் என்று அண்ணன் கேட்டபோது, அவரையே கேள், அவருக்கு ஒரு பெயர் ரொம்பப் பிடிக்கும் என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். விட்டுப் போய்விடவில்லை. குழந்தைக்காக இருந்தாள். அப்படி இருப்பது எத்தகைய தண்டனை என்று இருந்தவர்களுக்குத் தெரியும்.

மன்மதன் திரும்ப வந்தான். ஒரு நாள் அவன் அனுப்பிய செய்தியில் எண்ணெய்க் கப்பல் மறுநாள் எங்கே நிற்கும் என்பதே இருந்தது. பிரித்துப் படித்தவர் நம் ஆள்தான். கடைசி எண்ணை எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு எழுதினார். மறுநாள் காலை ஏழு மணிக்கு வானொலியில் இரைச்சல் மட்டும் இருந்தது. அறை கைதட்டியது. இனி எந்தச் சாவியைப் போட்டுத் திறப்பது என்று பெரிய அதிகாரிக்கு உறைத்தது மத்தியானம்தான். பிழை திருத்துபவருக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள்.

அடுத்த விடுப்பில் தேநீர் ஆறிப்போவது தெரியாமல் கண்கலங்கி உட்கார்ந்திருந்தார். மனைவி பார்த்தாள். “செத்துட்டாளா?” என்று கேட்டாள்.

“தெரியலை,” என்றார். அவளிடம் அவர் சொன்ன ஒரே நிஜம் அது. அதற்காகத்தான் அவள் ஒரு மாதம் பேசாமல் இருந்தாள்.

யுத்தம் முடிந்து அச்சகத்துக்கே திரும்பினார். மகள் வளர்ந்து, மணமாகி, பேரன் எடுத்தாயிற்று. எந்தச் சண்டை எங்கே தொடங்கினாலும் அந்தப் பெயரில் வந்து முடியும். நான் அதை இங்கே எழுதப்போவதில்லை. அந்த வீட்டில் அது பட்ட பாடு போதும்.

நாற்பதாவது வருடம், வாய் திறக்கக்கூடாது என்ற தடை நீங்கியது. பதக்கம் வாங்க வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அன்றே மனைவியை உட்காரவைத்துச் சக்கரம், சாவி, மன்மதன் எல்லாம் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“நாப்பது வருஷம் யோசிச்சும் இவ்வளவுதான் கட்ட முடிஞ்சுதா?”

பட்டன் எண்ணினதுக்குக்கூட மெடலா என்று அண்ணன் சிரித்தார். ஆனாலும் விழாவுக்கு வந்தார்.

மண்டபத்தில் பெரிய அதிகாரியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தொண்ணூறு வயது. நேராக அவளிடம் வந்து, கையைப் பிடித்து, “அம்மா, எங்களுக்குக் கண்ணு குடுத்தது ஒரு பொண்ணு பேரு. அதை முதல்ல படிச்சவர் உங்க வீட்டுக்காரர்,” என்றார். பிறகு அந்தப் பெயரைச் சொன்னார்.

அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். விழா முடிந்து வெளியே படியில் உட்கார்ந்தார்கள். அண்ணன் ஏதோ கேலிக்கு ஆரம்பித்தார். கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அந்தப் பையன் என்ன ஆனான்?”

“கப்பலோட போயிட்டான். இடம் படிச்சுக் குடுத்தது நான்தான்.”

பதக்கப் பெட்டி அவள் மடியில் இருந்தது. நாற்பது வருடம் தினமும் திட்டித் தீர்த்தவளுக்காக, அந்தப் பெட்டிமேல் அவள் கண்ணீர் சொட்டியது.

“அவகிட்ட யாருங்க போய்ச் சொல்லியிருப்பாங்க?”

“தெரியலை,” என்றார்.

அன்றைக்குச் சொன்ன அதே பதில்தான். இந்த முறை அவள் நம்பினாள்.