மூன்று முறை நனைந்தவர்

ஐம்பதுகளில் இலங்கை மலைநாட்டில் டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வாத்தியாராக இருந்தபோது, எங்கள் புராட்டஸ்டண்ட் சபையின் அங்கத்தினர் பதிவேட்டையும் நானே எழுதிவந்தேன். ஒரு வருடம் ஆள் குறைந்துபோகவே, விசாரித்து வரச் சொல்லிப் பாதிரியார் என்னை அனுப்பினார். முதலில் போய்ப் பார்த்தது தேயிலை ஸ்டோரில், அதாவது கொழுந்தைக் காயவைக்கும் ஆலையில், அடுப்பெரிப்பவரை. அனலில் பாதிப் புருவம் பொசுங்கிய மனிதர். யார் என்ன சொன்னாலும் உடனே தலையாட்டிவிடுவார்.

“பெந்தெகொஸ்தே சபைக்குப் போயிட்டீங்களாமே?”

தலையாட்டினார். “ஆத்துல முக்கி எடுத்தாங்கய்யா.”

“சின்னதுலயே நம்ம கோயில்ல ஞானஸ்நானம் வாங்கினீங்களே?”

“நெத்தியில தெளிச்சது செல்லாதுன்னாங்க. எம் பொஞ்சாதி கத்தோலிக்கம், கல்யாணத்துக்கு முன்னாடி அந்தக் கோயில் சாமியாரு ஒரு செம்பு ஊத்தினாரு. இப்ப ஆறு. தண்ணி கூடக் கூட விசுவாசம் கூடும்னு பாத்தேன், சளிதாங்க கூடுச்சு.”

சிரித்துவிட்டேன். “அப்ப உங்க பேர வெட்டிடவா?”

இதற்கு மட்டும் அவர் தலையாட்டவில்லை. “வேணாங்கய்யா! போன வருசம் மகளுக்குக் காய்ச்சல், பொழைக்காதுன்னாங்க. மூணு சபைக்காரங்களும் நாங்க இருக்கிற லயத்து வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணாங்க. புள்ள எந்திரிச்சிட்டா. யாரு ஜெபத்துல எந்திரிச்சான்னு எனக்கு எப்படிங்க தெரியும்? அதான் மூணு எடத்துக்கும் போறேன்.”

பாதிரியாரிடம் அப்படியே சொன்னேன்.

“இதில் என்ன சந்தேகம்? நம்முடைய ஜெபம்தான்” என்றார்.

மற்ற இரண்டு இடங்களிலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். அந்த வருடம் ஒரே மனிதர் மூன்று சபைகளின் கணக்கிலும் ஓர் ஆளாக இருந்தார். அது சரியா தவறா என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை. பெயரை வெட்ட மட்டும் கை வரவில்லை.