தூக்கத்தில் அழகு காட்டியவள்

எங்கள் வாலுப் பேத்தி அழகு காட்டினால் எதிர்வீட்டு நாய் இரண்டு நாள் சோறு தின்னாது. நாயின் பட்டினி என் கைச்சரக்கு; குரைக்காமல் உள்ளே போய்விட்டது மட்டும் நிஜம்.

வயது ஆறு. முன்பல் இரண்டும் இல்லை. அந்தச் சந்தில் நாக்கைச் சொருகி மூக்கைச் சுருக்கினால் கணக்கு டீச்சரே வந்து நின்ற மாதிரி இருக்கும். பல் விளக்கும்போது கண்ணாடியில் ஒத்திகை நடக்கும். திட்டுகிறவர் முகத்தை அவருக்கே திருப்பிக் காட்டுவாள். இது குடும்பச் சொத்து. அவள் மாமன் மேலதிகாரிக்கு அழகு காட்டி வேலையை விட்டவன்.

ஆகவே ஒருநாள் காலை வாய் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு, இடக்கண் மூடாமல் சாப்பிட வந்து உட்கார்ந்தபோது, புது உருப்படி என்று ரசித்தோம். மாமன் பதிலுக்குத் தன் வாயைக் கோணினான். "நான் ஒண்ணும் பண்ணலை மாமா" என்றாள். அதையும் நடிப்பில் சேர்த்துக்கொண்டோம். இடது கடைவாயில் பால் வழிந்ததற்கு அவள் அப்பாவிடமிருந்து தனிப் பாராட்டு.

பிற்பகலில் தூங்கினாள், இடக்கண் பாதி திறந்தபடியே. அவள் அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் கேட்டாள்: "தூக்கத்துல யாராவது அழகு காட்டுவாங்களா?"

முகநரம்பு இப்படிச் சோர்ந்துபோவது உண்டு, பெரும்பாலும் தானே சரியாகிவிடும் என்றுதான் டாக்டரம்மா ஆரம்பித்தார். முழங்காலுக்குக் கீழே இருந்த நீலத் திட்டுகளையும் வெளுத்த ஈறுகளையும் கண்டதும் பேச்சை நிறுத்தி, ரத்தம் எடுக்கச் சொன்னார். ரத்தப் புற்றுநோய். அபூர்வமாக முகத்தில்தான் முதலில் தலைகாட்டுமாம். எங்கள் வீட்டுக்கு வரும் நோய்கூட வாயைக் கோணிக்கொண்டுதான் வரும் போலிருக்கிறது.

இப்போது ஆஸ்பத்திரியில் முதுகுத்தண்டில் ஊசி போட்டு மருந்து ஏற்றுகிறார்கள். இடக்கண் மூடத் தொடங்கினால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். எதற்கு வீட்டில் திட்டு வாங்கினாளோ, அதற்கு இங்கே பரிசோதனை என்று பெயர். கன்னத்தை உப்ப வேண்டும், பல்லைக் காட்ட வேண்டும், புருவத்தைத் தூக்க வேண்டும். "நீங்க முதல்ல பண்ணுங்க டாக்டர்" என்பாள். அவரும் ஸ்டெதஸ்கோப்பும் கழுத்துமாகக் கன்னத்தை உப்புவார். "சுமார்தான்" என்று தீர்ப்பு வரும்.

இன்று கண்ணை இறுக்கி மூடச் சொன்னார். மூடினாள். இரண்டும் இரும்புப்பெட்டி மாதிரி மூடிவிட்டன என்று வார்டுக்கே கேட்கும்படி அறிவித்தேன்.

"முழுசா மூடலை பாட்டி," என்றாள், முகத்தைத் தளர்த்தாமல். "ஒரு கீறல் தெரியுது. அதுல அம்மா கண்ணைத் தொடைக்கிறா."