முருகையன் கேரவனில் ஒரு பால் பாக்கெட்

முருகையன் எந்தப் பொருளையும் திறந்து போட்டு வைத்ததில்லை. டிவி ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை. பைக் சீட்டுக்குக் கோணிப்பை. ரேஷன் கார்டு கவருக்கே ஒரு கவர். மரக்காணம் உப்பளத்தில் தலை நரைக்கும் வரை மேஸ்திரியாக இருந்தவர் அவர். உப்புக் காற்றில் திறந்து கிடந்த இரும்பு என்ன ஆகும் என்று தினமும் பார்த்தவர். வானம் கறுத்தால் உப்புக் குவியலைத் தார்ப்பாயால் மூடி, ஓரத்தை இறுக்கிச் செருகி, பறக்காமல் கல் வைப்பதில் அவரை மிஞ்ச அந்தப் பக்கம் ஆளில்லை. வேலையை விட்ட பிறகும் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை.

சென்ற தை மாதம் அவர் காலமானார். இது அதற்கு முந்தைய கோடையில் நடந்தது. அவர் அதிகம் சிரித்த கோடை அதுதான் என்று அவர் மனைவி கொளஞ்சியம்மாள் சொல்கிறார்.

கொளஞ்சியம்மாளுக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அந்த மருந்து ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும் என்பதால் வெளியூரில் தங்குவதே நின்றுபோனது. கடைசியாகத் தங்கியது ஒரு கல்யாண வீட்டில். மீன் வைக்க இடம் போதவில்லை என்று அந்த வீட்டில் யாரோ மருந்தை எடுத்து ஃப்ரீசருக்குள் தள்ளிவிட்டார்கள். மருந்து உறைந்து வீணானது. தாலி கட்டி முடித்ததும் சாப்பிடக்கூட நிற்காமல் பஸ் ஏறிவிட்டார். அதன் பிறகு யார் அழைத்தாலும் ஒரே பதில். அடுத்த வீட்டு ஃபிரிட்ஜை நம்பி வர முடியாது.

வேதாரண்யத்தில் அவருடைய தங்கை வைஜெயந்தி இருக்கிறார். அங்கேயும் உப்பளம்தான். உப்பிலிருந்து உப்புக்குப் போக என்ன இவ்வளவு ஆசை என்று முருகையன் கேலி செய்வார். ஆனால் தங்கையோடு பேசிவிட்டுப் போனை வைத்த பிறகு கொளஞ்சியம்மாள் கொஞ்ச நேரம் ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதை அவர் பல தடவை கவனித்திருந்தார்.

வேலையை விட்டதும் சாலமனின் வெல்டிங் பட்டறையே கதியாகக் கிடந்தார். பழைய டிரெய்லர் ஒன்றின் மேல் தகரமும் பிளைவுட்டும் வைத்து ஒரு குட்டி வீடு எழும்பியது. கட்டில், கேஸ் அடுப்பு வைக்க மேடை, ஜன்னல், மூலையில் சின்ன ஃபிரிட்ஜ். ஜீப்பின் பின்னால் மாட்டி இழுத்துப் போகலாம். ஊரில் அதற்குக் கேரவன் என்று பெயர் விழுந்தது. ஷூட்டிங் எங்கே என்று டீக்கடையில் கேட்டார்கள். மேக்கப் போட்டுக்கொண்டு வருகிறேன், இருங்கள் என்றார்.

கரண்டுக்கு மகள் தமிழ்நிலா வழி சொன்னாள். அவள் சென்னையில் பேட்டரி சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். சூட்கேஸ் அளவில் ஒரு பவர் பெட்டி அனுப்பினாள். உள்ளே பேட்டரி, முன்பக்கம் பிளக் பாயின்ட், எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று காட்ட ஒரு சின்னத் திரை. கூரையில் பதித்த சோலார் தகடு அதைச் சார்ஜ் செய்யும். ஃபிரிட்ஜும் ஃபேனும் ஒரு நாள் முழுக்க ஓடும், மிக்ஸி கொஞ்ச நேரம் ஓட்டலாம், கரண்ட் அடுப்பு மட்டும் கூடாது, பெட்டியைச் சுற்றிக் காற்றோட்டம் வேண்டும் என்று போனில் சொன்னாள். முருகையன் எல்லாவற்றுக்கும் சரி என்றார். கடைசியாகச் சொன்னது மட்டும் மனதில் ஏறவில்லை. அவர் அறிந்த காற்று இரும்பைத் தின்கிற காற்று.

கொளஞ்சியம்மாள் எளிதில் மசியவில்லை. முதலில் பரீட்சை என்றார்.

"மருந்த வெச்சி வெளையாட முடியாது. பால் பாக்கெட் வெப்போம். இன்னிக்கி வெச்சத நாளைக்கி காலைல காய்ச்சுவேன். திரியலன்னா வேதாரண்யம் வர்றேன். திரிஞ்சிச்சின்னா வண்டிய வித்துடணும்."

முருகையன் ஒப்புக்கொண்டார்.

அனுமந்தைக்குப் பக்கத்தில் சவுக்குத் தோப்பின் ஓரம், தகட்டில் வெயில் விழும்படி கேரவனை நிறுத்தினார்கள். கொளஞ்சியம்மாள் தன் மருந்தை ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில் தனியாக எடுத்து வந்திருந்தார். பால் பாக்கெட்டை ஃபிரிட்ஜில் வைத்துக் கதவைத் தானே சாத்தினார். ஃபேன் ஓடியது. கடல் காற்றும் வந்தது. சாப்பிட்டுவிட்டு அவர் மீன் வாங்கக் கரைக்குப் போனார். முருகையன் கட்டிலில் சாய்ந்தார்.

வியர்வையில் விழித்தபோது ஃபேன் நின்றிருந்தது. ஃபிரிட்ஜில் சத்தமே இல்லை. பெட்டியின் திரையில் சிவப்பாக ஏதோ மின்னியது. மகளுக்குப் போன் போட்டார்.

"ஸ்கிரீன்ல என்னப்பா தெரியுது?"

"தெர்மாமீட்டர் படம். ஜொரம் போல."

"மேல எதுனா போட்டு மூடி வெச்சிருக்கியா?"

"சேச்சே."

"ஒரு போட்டோ அனுப்பு."

முருகையன் போனைக் கீழே வைத்தார். செங்கலை எடுத்தார். திரையை மட்டும் விட்டு மற்ற எல்லாப் பக்கமும் மூடியிருந்த தார்ப்பாயை உருவினார். அதன் கீழிருந்த பிளாஸ்டிக் ஷீட்டை உருவினார். அதற்கும் கீழே இருந்த பழைய வேட்டியை உருவினார். பெட்டியைத் துடைத்துப் படம் எடுத்து அனுப்பினார். தமிழ்நிலா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"பக்கத்துல செங்கல் எதுக்குப்பா இருக்குது?"

"தார்ப்பாய் பறக்காம இருக்க" என்று சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தமிழ்நிலா சிரித்து முடிக்க நேரம் ஆனது. பெட்டிக்குள் ஃபேன் இருக்கிறது, வெப்பத்தை வெளியே தள்ள வழி இல்லாததால் அது தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது, பழுது ஒன்றுமில்லை, சூடு தணிந்ததும் ஓடும் என்றாள். அதுவரை ஃபிரிட்ஜைத் திறக்க வேண்டாம், மூடியே இருக்கட்டும் என்றாள்.

"அது மட்டும் மூடி இருக்கலாமா?"

"அது மட்டும்தாம்பா."

அந்தப் படம் இன்னும் அவள் போனில் இருக்கிறது.

போனை வைத்ததும் முருகையனுக்குச் சிரிப்பு போய்விட்டது. எப்போது நின்றது என்று தெரியாது. பால் என்ன கதியோ. வண்டி போனால் போகட்டும். வேதாரண்யமும் அதோடு போய்விடும். சட்டையை மாட்டிக்கொண்டு சாலையோரக் கடைக்குப் போனார். அதே கம்பெனி, அதே நீலப் பாக்கெட். மாற்றி வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

வாங்கிக்கொண்டு திரும்பும்போது பாதி வழியில் கால் நின்றது. பால் கெட்டால் திரிந்து காட்டிவிடும். மருந்து கெட்டால் பார்வைக்குத் தெரியாது. குத்திக்கொண்ட பிறகு உடம்பில்தான் தெரியும். நாளைக்கு அந்த ஃபிரிட்ஜை நம்பி மருந்தை வைக்கப் போகிறவள் கொளஞ்சி. அவர் பாக்கெட்டோடு வெயிலிலேயே நின்றார்.

எதிரே கொளஞ்சியம்மாள் மீன் பையோடு வந்துகொண்டிருந்தார்.

"கையில என்னங்க?"

முருகையன் செங்கலிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னார். கடைக்குப் போனது எதற்கு என்பதையும் சொன்னார். கொளஞ்சியம்மாள் கேரவனுக்குள் ஏறிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். வேட்டி, பிளாஸ்டிக், தார்ப்பாய் என்று தரையில் கிடந்ததை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நல்ல வேள. நான் தூங்கறப்ப என் மேல தார்ப்பாய் போடாம விட்டீங்களே."

திட்டு வரும் என்று தலை குனிந்திருந்த மனிதர் அந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார்.

"உள்ள இருக்கறது உள்ளவே இருக்கட்டும். அதத்தான் காய்ச்சுவேன்" என்றார் கொளஞ்சியம்மாள். புதுப் பாக்கெட்டைக் கிழித்து டீ போட்டார். டீ கொதிக்கும்போதே பெட்டி உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. முருகையன் அதன் அருகே ஒரு கைக்குட்டையைக்கூட வைக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் கொளஞ்சியம்மாள் பாலை அடுப்பில் வைத்தார். முருகையன் உள்ளே வரவில்லை. ஜீப் டயரில் காற்று இருக்கிறதா என்று உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே டயரைத்தான் உதைத்தார். உள்ளே கரண்டி பாத்திரத்தில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அதற்கு மேல் தாங்காமல் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

பால் ஒரு கட்டி இல்லாமல் நுரைத்து விளிம்புவரை பொங்கி நின்றது. கொளஞ்சியம்மாள் அடுப்பை அணைத்து, பாத்திரத்தைச் சாய்த்து அடி வரை பார்த்தார். ஒரு ஸ்பூன் குடித்தும் பார்த்தார். திருப்தி வந்ததும் ஃபிளாஸ்க்கைத் திறந்து மருந்தை எடுத்தார். ஈரம் துடைத்து, ஃபிரிட்ஜ் கதவின் தட்டில் நிமிர்த்தி வைத்தார். கதவைச் சாத்திவிட்டு ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

அதன் பிறகுதான் போனை எடுத்தார். வைஜெயந்தி அப்போதுதான் எழுந்திருக்க வேண்டும்.

"நான்தான்டி. கெளம்பி வர்றோம். ஃபிரிட்ஜ்ல எடம்லாம் ஒண்ணும் வேணாம். வாசல்ல வண்டி நிறுத்த எடம் இருக்குதா, அத மட்டும் சொல்லு."