டிக் விழாத மூன்றாவது வரி

தினகரன் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் வருடா வருடம் ஜனவரி முதல் தேதி ஒரு தாள் ஏறும். அந்த வருடம் அவன் கற்றுக்கொள்ள வேண்டியவை அதில் வரிசையாக இருக்கும். நான் அந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்த வருடம் நீச்சல், கீபோர்டு, புதிதாக ஒரு கம்ப்யூட்டர் மொழி. முடித்த வரிக்குப் பச்சைப் பேனாவில் டிக் போடுவான். டிக் விழாமல் ஒரு வரியையும் அவன் விட்டதில்லை. நீச்சலுக்காக நவம்பர் மழையில் தொடர்ந்து போய்வந்து சளி பிடித்துப் படுத்தான். டிக் மட்டும் போட்டுவிட்டுத்தான் படுத்தான்.

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையைப் பார்த்தபடி இருக்கும் அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி. மனைவி சுபத்ரா வங்கியில் வேலை. ஒரே பெண் தேவதர்ஷினி. தேவு என்று கூப்பிடுவோம். பல்லாவரத்தில் பராமரிப்புப் பயிற்சி முடித்து இருபத்தாறு வருடம் நோயாளிகளையும் குழந்தைகளையும் பார்த்தவள் நான். தேவுவைப் பதினோரு மாதத்தில் என் கையில் கொடுத்தார்கள். இந்த மார்ச்சில் அவளுக்கு ஐந்து முடிந்தது.

இந்த வருடத் தாளில் நான்கு வரிகள். முதல் வரி ஏதோ பரீட்சை. இரண்டாவது ஜெர்மன் மொழி. நான்காவது ரொட்டி சுடுவது. மூன்றாவது வரியைத்தான் எனக்கு வாசித்துக் காட்டினான்: "தேவுவுக்குக் கொடுக்கக் கற்றுத்தருவது."

"இது உங்க படிப்பா, அவ படிப்பா தம்பி?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேருக்கும்தான் ஞானம்மா."

அவன் அப்பா பல்லாவரத்தில் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஒன்பதாம் வகுப்பில் முன்பின் தெரியாத ஒருவர் தினகரனுக்குப் புது ஷூ வாங்கிக் கொடுத்திருக்கிறார். பழசு இல்லை, புதுசு. அதை நூறு தடவை சொல்லியிருப்பான். சம்பளத்தில் ஒரு பங்கை மாதம் தவறாமல் கொடுக்கிறவன். வாயளவில் பேசுகிறவன் இல்லை.

போகியன்று வீட்டை ஒழித்தோம். வாட்ச்மேன் பேத்திக்குக் கொடுக்க ஒரு பொம்மை எடுத்து வரும்படி தினகரன் தேவுவிடம் சொன்னான். தேவு காது பிய்ந்த முயலைக் கொண்டு வந்தாள்.

"இது உனக்கு வேணாம்னுதானே குடுக்கற? அது குடுக்கறது இல்லடா, கழிக்கிறது. ரொம்பப் பிடிச்சதைக் குடுத்தாதான் அது தானம்."

அவள் முயலை உள்ளே கொண்டு போனாள். பிறகு மஞ்சள் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கால் தரையில் எட்டிய நாளிலிருந்து அதை விட்டு இறங்காதவள். அழவில்லை. தினகரனுக்குக் கண் கலங்கிவிட்டது, பெருமையில். அன்று மாலையே வாட்ச்மேன் பேத்தி கார் நிறுத்தும் இடத்தில் அதை ஓட்டினாள். தேவு பால்கனியிலிருந்து பார்த்தாள்.

"டிக் போடலாமாப்பா?"

"இன்னும் இல்ல. உன் பொறந்தநாள் அன்னிக்குப் பெருசா குடுப்போம். அப்ப போடலாம்."

இரண்டு நாள் கழித்து நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவன் லேப்டாப்பில் இருந்தான். தேவு கேட்டாள்: "அப்பா, உனக்கு எது ரொம்பப் பிடிக்கும்?"

"உன்னைத்தான்டா," என்றான், தலை நிமிராமல்.

எந்த அப்பாவும் சொல்கிற பதில்தான். நான் பீன்ஸை நறுக்கி முடித்தேன்.

பிப்ரவரியில், பிறந்தநாள் சாப்பாட்டுக்குத் தேதி பதிய, கோவிலம்பாக்கம் பக்கம் இருக்கும் ஆதரவற்ற குழந்தைகள் விடுதி ஒன்றுக்கு அவளையும் அழைத்துப் போனான். இங்கே அது வழக்கம். வீட்டில் கேக் வெட்டுகிறவர்கள் அங்கே போய் மதியச் சாப்பாடு போடுவார்கள். குழந்தைகள் வரிசையில் நின்று பிறந்தநாள் பாட்டுப் பாடும். சாப்பாடு போடுகிறவரை அப்பா என்றும் அம்மா என்றும் கூப்பிடப் பழக்கியிருப்பார்கள். அன்றைக்கு முப்பது பிள்ளைகள் தினகரனை "வணக்கம் அப்பா" என்றன.

அன்றிலிருந்து தேவுவின் படுக்கை நனைய ஆரம்பித்தது. இரண்டு வயதில் நின்ற பழக்கம். இரண்டு இட்லி சாப்பிடுகிறவள் அரை இட்லியோடு எழுந்தாள். அடம் பிடிப்பது அடியோடு நின்றது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சிறுநீர், ரத்தம் இரண்டும் சோதித்தார்கள். ஒன்றும் இல்லை. பள்ளியில் கேட்டார்கள். அங்கேயும் ஒன்றும் இல்லை. அவள் எடை ஒன்றரைக் கிலோ இறங்கியிருந்தது.

தினகரன் இடிந்து போனான். "ஆஃபீஸ்ல எது ஒடைஞ்சாலும் எந்த நிமிஷம் என்ன நடந்துச்சுன்னு கம்ப்யூட்டர் எழுதி வெச்சிருக்கும் ஞானம்மா. அதைப் பார்த்தாத் தெரிஞ்சிடும். இவளுக்கு எதைப் பார்க்கறது?"

நானும் எழுதி வைக்கிறவள்தான். என் நோட்டை இருவரும் புரட்டினோம். சாப்பாடு, காய்ச்சல், தூக்கம், மூத்திரம் எல்லாம் தேதியோடு இருந்தது. பேசினதை நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் அந்தக் கேள்வியும் பதிலும் அங்கே இருந்திருக்கும். அது என் தப்பு.

பிறந்தநாள் காலையில் அவள் பல் தேய்க்கும் பிரஷ் காணவில்லை. புதிதாக ஒன்று எடுத்துக் கொடுத்தேன். பள்ளிப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். "இன்னைக்கு ஞாயித்துக்கிழமைடி," என்று சுபத்ரா சிரித்தாள். தேவு பையைக் கழற்றவில்லை.

விடுதியில் பிரியாணி அண்டா இறங்கியது. பொறுப்பாளர் ஏசுபாதம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார். பாட்டு முடிந்து திரும்பினால் தேவு இல்லை. தினகரனும் நானும் தேடிக்கொண்டு உள்ளே போனோம். படுக்கையறைக் கட்டில் ஒன்றின் மேல் அவள் பை திறந்து கிடந்தது. பிரஷ், இரண்டு ஜட்டி, காது பிய்ந்த முயல். எதிரே ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி இடுப்பில் கை வைத்து நின்றாள். பெயர் கோகிலவாணி என்று பிறகு தெரிந்தது.

"ஏய், இது என் கட்டிலு. உன்து எதுன்னு அக்காவாண்ட கேளு."

"எனக்கு எந்தக் கட்டில்? இன்னையிலேருந்து நான் இங்கதான்."

"வுட்டுட்டுப் போறாங்களா? எங்கம்மாவும் பிரியாணி வாங்கிக் குடுத்துட்டுத்தான் போச்சு. அழுவாத, இன்னா? சனிக்கெழமன்னா முட்ட போடுவாங்க."

"நான் அழல," என்றாள் தேவு.

தினகரன் கையில் பரிமாறும் கரண்டி இருந்தது. அதோடு அப்படியே தரையில் உட்கார்ந்தான். "யாருடா சொன்னது, உன்னை விட்டுட்டுப் போறோம்னு?"

"நீதான். ரொம்பப் பிடிச்சதைத்தான் குடுக்கணும்னு. உனக்கு என்னைத்தானே ரொம்பப் பிடிக்கும்?"

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். "அது… பொருளுக்குத்தான்டா. ஆளுங்களுக்கு இல்ல."

"நீ அப்படிச் சொல்லலயே."

கோகிலவாணி சிரித்துவிட்டாள். "சார் மாட்டிக்கினாரு!" சற்று முன்னால் வரிசையில் நின்று அப்பா என்று கூப்பிட்டவள் அவள்.

அவன் தேவுவைத் தூக்கிக்கொண்டான். அவள் கட்டையாக இருந்தாள், கழுத்தைக் கட்டிக்கொள்ளவில்லை. பொருட்களைப் பையில் போட்டு நான் எடுத்து வந்தேன். கேட்டில் ஏசுபாதம், "சார், கேக் வெட்டலையே?" என்றார். "பசங்களுக்கு வெட்டிக் குடுத்துடுங்க," என்றான். கோகிலவாணி வாசல்வரை வந்து, கார் திரும்பும்வரை நின்றாள். அதையும் நான் சொல்லத்தான் வேண்டும். ஒரு பிள்ளையை நாங்கள் திருப்பி அழைத்து வந்ததை இன்னொரு பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தது.

காரில் சுபத்ரா அழுதாள். தேவு பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பல்லாவரம் தாண்டும்போது தினகரன் என்னிடம், பின்னால் கேட்காத குரலில் சொன்னான்: "அந்த ஷூவை மேடையில வெச்சுக் குடுத்தாங்க ஞானம்மா. குனிஞ்சு கும்பிடச் சொன்னாங்க. அன்னைக்கு எனக்கு எப்படி இருந்துச்சுன்னு இத்தனை வருஷத்துல ஒருத்தர்கிட்டயும் சொல்லல. இப்ப முப்பது பசங்களை நானும் நிக்க வெச்சேன்."

நான் திரும்பித் தேவுவைப் பார்த்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தேவு நேராக ஃப்ரிட்ஜ் முன்னால் போய் நின்றாள். எழுத்துக்கூட்டத் தெரியாவிட்டாலும் டிக் தெரியும்.

"மூணாவதுக்கு டிக் இல்லயே," என்றாள்.

அவளுக்குத் தெரிந்து அந்த வீட்டில் டிக் விழாத வரி எதுவும் அப்படியே நின்றதில்லை. என்றைக்காவது ஒருநாள் முடித்தே தீருவார்கள். தினகரன் அவளைப் பார்த்தான், தாளைப் பார்த்தான். தடித்த கறுப்பு மார்க்கரை எடுத்து வந்து மூன்றாவது வரியை அடித்தான். ஒரு கோடு போதாதென்று எழுத்தே தெரியாதபடி அடித்தான். இத்தனை வருடத்தில் அவன் அடித்த முதல் வரி அது.

தேவு அந்தக் கறுப்பை விரலால் தொட்டுப் பார்த்தாள். விரலில் மை ஒட்டியது.

இப்போது ஜூன். இந்த மாதம் யாருக்கும் பிறந்தநாளோ கல்யாண நாளோ இல்லை போலிருக்கிறது, விடுதிக்குச் சாப்பாடு போட ஆள் வருவதில்லை என்று ஏசுபாதம் சொன்னார். தினகரன் அரிசி அனுப்புகிறான். பாட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். "நீங்க சொல்றீங்க சார், மத்தவங்க பாட்டு எங்கேன்னு கேப்பாங்களே," என்றாராம் அவர்.

தேவு ஒன்றேகால் இட்லிக்கு வந்திருக்கிறாள். படுக்கை வாரத்தில் ஒருநாள்தான் நனைகிறது. பிரஷ் மறுநாளே குளியலறைக்கு வந்துவிட்டது. முயல் ஏப்ரலில் வந்தது. இரண்டு ஜட்டியோடு பை இன்னும் கதவுக்குப் பின்னால் இருக்கிறது; பள்ளிக்கு வேறு பை வாங்கியாயிற்று. தினகரன் தினமும் அதைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போகிறான். ஒருநாள் எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அதை அவளே எடுக்க வேண்டும்.